மண்ணாங்கட்டியின் மாண்பு

ஒருவனைப் பயனற்றவன் என்று பழிக்க வேண்டுமானால் "மண்ணாங்கட்டி" என்று சொல்வது நம் தமிழ்நாட்டு வழக்கம். வகுப்பில் விடை சொல்லத் தெரியாத மாணவனும், வீட்டில் சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளையும் இப்பட்டத்தைப் பெறாமல் தப்புவதில்லை. ஆயினும், இச்சொல்லை வாய்க்கு வந்தபடி வழங்கும் நாம், வயலில் கிடக்கும் அந்த மண்ணாங்கட்டியைக் குனிந்து எடுத்துப் பார்த்ததுண்டா? அது எத்தனை பெரிது, எத்தனை உறுதியானது, அழுத்தினால் எளிதில் உடைகிறதா, உடைந்தால் எத்தனை துண்டாகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இவ்வாறு எண்ணிப் பார்ப்பதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்ட அறிஞர்கள் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட உண்மை எளியது, ஆனால் பெரியது. உழுத நிலத்தைக் காற்றிலிருந்து காக்கும் முதற் காவலன் மண்ணாங்கட்டியே என்பதுதான் அது.

தமிழ்த்துறையின் மலரில் மண்ணைப் பற்றிய கணக்கிற்கு என்ன இடம் என்று வாசகர் வியக்கக்கூடும். நான் இக்கல்லூரியில் புள்ளியியல் பயின்றவன். பகுதி ஒன்றில் தமிழ் பயின்றவன். முன்னது வயிற்றுக்குச் சோறிட்டது; பின்னது கண்ணுக்கு ஒளி தந்தது. பிற்காலத்தில் வேளாண் ஆய்வுகளுக்குரிய எண்களைத் தொகுத்து ஆராயும் பணியில் பல்லாண்டுகள் கழித்தேன். எங்கள் குடும்பத்து நிலமோ தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்கு அப்பால், செம்மணல் மேடுகளாகிய தேரியின் ஓரத்தில் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று அங்கே மண்ணை வாரிக்கொண்டு போகும். "இந்த ஆடியில் நம் மண் எவ்வளவு போகும்? முன்கூட்டியே சொல்ல உன் கணக்கில் வழியுண்டா?" என்று என் தமையனார் ஒருநாள் கேட்ட கேள்வியே என்னை இத்துறைக்கு இழுத்துச் சென்றது. அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நிலத்தை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்னும் முடிவு அவ்விடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாலை என்பது நிலமா, நிலையா?

நானிலப் பகுப்பை நாமனைவரும் அறிவோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலமுண்டு. பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு, நல்லியல்பு இழந்து, பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் கூறுகின்றார். இதனை எங்களுக்கு நடத்திய தமிழாசிரியர், "பாலை ஓர் இடமன்று; ஓர் இடம் அடையும் நிலை" என்று ஒரே தொடரில் விளக்கினார். அன்று அதனைத் தேர்வுக்குரிய குறிப்பாகவே எழுதிக்கொண்டேன். நிலம் எப்போது தன் இயல்பை இழக்கத் தொடங்குகிறது, அந்த இழப்பை அளக்க அளவுகோல் உண்டா என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியிருந்தது பின்னரே புலப்பட்டது.

காப்பியம் குறிப்பிட்ட இம்மாற்றத்தை ஒரு நாடே தன் கண்முன் கண்ட காலம் ஒன்று உண்டு. அந்நாடு அமெரிக்கா; அக்காலம் 1930களின் பத்தாண்டு. காற்றரிப்பைப் பற்றிய கணக்கு பிறந்ததும் அங்கேதான். ஆதலின், தேரிக்குத் திரும்புமுன் அங்கே சற்றுச் சென்று வருதல் வேண்டும்.

புழுதிக் கிண்ணம்

கான்சாஸ், ஒக்லகோமா, டெக்சாஸ், கொலராடோ முதலிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளி முன்னர்ப் புல்வெளியாக இருந்தது. ஆழ வேரோடிய புற்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தன. முதல் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் கோதுமைக்கு விலை கிடைத்த காரணத்தால் அப்புல்வெளி ஏக்கர் ஏக்கராக உழப்பட்டது. டிராக்டரும் சட்டிக் கலப்பையும் வந்தன. மேல்மண்ணை நன்கு தூளாக்கிப் போர்வைபோல் பரப்பிவிட்டால் அடிமண்ணின் ஈரம் காக்கப்படும் என்ற கருத்தும் அங்கே ஒரு காலத்தில் பெரிதும் பரப்பப்பட்டது. கட்டியற்ற, மாவு போன்ற வயலே நல்ல உழவனுக்கு அடையாளம் எனக் கருதப்பட்டது.

1931 முதல் மழை பொய்த்தது. பயிர் முளைக்கவில்லை, புல்லோ முன்னரே போய்விட்டது, எஞ்சியது தூள்மண் ஒன்றே. 1934ஆம் ஆண்டு மே மாதம் எழுந்த புழுதிப் புயல் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் கடந்து, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மேலும் மண்ணைத் தூவியது. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் எழுந்த புயல் பகலை இரவாக்கியது. "கறுப்பு ஞாயிறு" என்று அந்நாள் இன்றும் வழங்கப்படுகிறது. அதே மாதம் 27ஆம் நாள் அந்நாட்டில் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காக இடைவிடாது வாதாடிய ஹியூ ஹேமண்ட் பென்னெட் என்பவரே மண்வளப் பாதுகாப்புப் பணித்துறையின் முதல் தலைவரானார்.

சட்டம் வந்தது, ஆயினும் அறிவு முழுமையாக வரவில்லை. காற்று அடித்தால் மண் பறக்கும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரே காற்றில் ஒரு வயல் பறக்க, அதன் பக்கத்து வயல் அசையாமல் கிடப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் டபிள்யூ.எஸ். செபில். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஆய்வைத் தொடங்கிய அவர், பின்னர்க் கான்சாஸ் மாநிலத்து மன்ஹாட்டன் நகரில் 1947இல் நிறுவப்பட்ட காற்றரிப்பு ஆய்வகத்தில் பணிபுரிந்தார்.

காற்று மண்ணை எடுக்கும் முறை

செபிலுக்கு முன்னரே பாலைவன மணலை ஆராய்ந்தவர் ரால்ஃப் பேக்னால்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்து, காற்றுச் சுரங்கத்தில் மணலை ஓடவிட்டு ஆராய்ந்து, 1941இல் தம் நூலை வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின்வந்தோரும் கண்டவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

காற்றில் மண் மூன்று வகையாகச் செல்கிறது. 0.1 மில்லிமீட்டர் முதல் 0.5 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள துகள்கள் துள்ளிச் செல்லும். தரையிலிருந்து எழும்பி, காற்றிடம் வேகம் பெற்று, மீண்டும் தரையில் மோதி, வேறு துகள்களையும் எழுப்பிவிடும். அதனினும் பெரியவை, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரையுள்ளவை, எழமாட்டாமல் தரையோடு உருண்டு செல்லும். 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் வானில் மிதந்து நெடுந்தொலைவு போகும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. மிக நுண்ணிய துகள்களைக் காற்றுத் தானாக எளிதில் எடுப்பதில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு படிந்து கிடக்கின்றன. துள்ளிவரும் துகள் மேலே மோதும்போதே அவை சிதறி எழுகின்றன. ஆகவே கேடு செய்வதில் தலைமை வகிப்பது துள்ளும் துகளே. தரைக்கு ஓரடி உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகமே துள்ளல் தொடங்கப் போதுமானது. ஒருமுறை தொடங்கிவிட்டால், காற்றுச் செல்லும் திசையில் அடிக்கு அடி அது பெருகும். வயலின் மேற்கு ஓரத்தில் பத்துத் துகள் துள்ளினால், கிழக்கு ஓரத்தைச் சேர்வதற்குள் அது ஒரு படையாகிவிடும். அப்படை இளம்பயிரின் தண்டை அரம்போல் அறுக்கும்.

இத்துள்ளலைத் தடுக்க வல்லது எது? காற்றால் நகர்த்த முடியாத பெருந்திரளே. மண்ணின் மணலும் வண்டலும் களியும் மக்கும் சேர்ந்து ஒட்டி உருவாகும் திரளைத்தான் நாம் கட்டி என்கிறோம். கட்டி தான் நகர்வதில்லை. தனக்குப் பின்னால் உள்ள நுண்மண்ணுக்கு நிழல் தருகிறது. துள்ளி வரும் துகளைத் தன் மார்பில் ஏற்று வீழ்த்துகிறது. பழிச்சொல்லாக நாம் வழங்கும் மண்ணாங்கட்டி, போர்க்களத்தில் கேடயம் பிடித்து நிற்கும் வீரனுக்கு நிகரானது.

சல்லடை சொல்லும் செய்தி

கட்டி காக்கும் என்றால், எவ்வளவு பெரிய கட்டி, எத்தனை விழுக்காடு இருந்தால் போதும்? இதனை அறியச் செபில் சல்லடையைக் கையிலெடுத்தார். தட்டையான சல்லடையைக் கையால் குலுக்கினால் குலுக்குபவரின் வலிமைக்கேற்பக் கட்டி உடையும். ஒருவர் பெறும் எண்ணை மற்றொருவர் பெறமாட்டார். ஆதலால், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த உருளைச் சல்லடைகள் மெல்லச் சுழலும் கருவி ஒன்றை அவரும் பிசால் என்பவரும் உருவாக்கி 1943இல் வெளியிட்டனர். 1952இல் செபில் அதனைத் திருத்தியமைத்தார். மேல்மண்ணை உலர்ந்த நிலையில் அள்ளி அதிலிட்டால், அளவு வாரியாகப் பிரிந்து விழும்.

அவர் வகுத்த எல்லைக்கோடு 0.84 மில்லிமீட்டர். அதனினும் சிறியது காற்றால் அரிபடக்கூடியது, பெரியது அரிபடாதது. ரவையினும் சற்றே பெரிய இந்த அளவில்தான் ஒரு வயலின் விதி எழுதப்பட்டிருக்கிறது.

செபில் 1963இல் மறைந்தார். அவருடைய ஆய்வுகளின் அடிப்படையில் உட்ரஃப், சிடோவே ஆகிய இருவரும் 1965இல் காற்றரிப்புச் சமன்பாட்டை வெளியிட்டனர். மண்ணின் அரிபடு இயல்பு, வயலின் மேடுபள்ளம், தட்பவெப்பம், காற்றின் திசையில் வயலின் நீளம், பயிர்த் தழையின் மூடாக்கு ஆகிய ஐந்தையும் கொண்டு ஆண்டிழப்பைக் கணிப்பது அது. ஐந்தனுள் முதலாவதை அறியச் சல்லடையே போதுமானது. கான்சாஸின் கார்டன் சிட்டி நகரத்துக் காற்றும் மழையும் உள்ள இடத்தில், அகன்ற, வெறுமையான, மட்டமான வயலில் 0.84 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகள் 10 விழுக்காடே இருந்தால், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 134 அமெரிக்க டன் மண் போகும். கட்டிகள் 25 விழுக்காடானால் 86 டன். 40 ஆனால் 56 டன். 50 ஆனால் 38 டன். காற்று அதே காற்று. மழை அதே மழை. கட்டியின் பங்கு கூடக் கூட இழப்பு இறங்கி வருகிறது. புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் எத்தனையோ அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வட்டவணையைப் போல் என்னை நெடுநேரம் அமர்த்திவைத்தது வேறொன்றில்லை.

கணக்கின் கண்

எல்லா உழவரும் சுழல் சல்லடை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அங்கேதான் கணித மாதிரிகள் துணைக்கு வருகின்றன.

கட்டிகளை அளவு வாரியாகப் பிரித்து எடை பார்த்தால், சிறியவை பலவும் பெரியவை சிலவுமாக ஒரு பக்கம் சாய்ந்த பரவல் தோன்றும். அளவுகளுக்குப் பதில் அவற்றின் மடக்கைகளை எடுத்துக்கொண்டால், அப்பரவல் ஏறத்தாழ மணிவடிவம் பெறுகிறது. இதனைக் கார்ட்னர் என்பார் 1956இல் எடுத்துக்காட்டினார். அதன் பயன் என்னவெனில், ஆயிரக்கணக்கான கட்டிகளின் வரலாற்றை இரண்டே எண்களில் அடக்கிவிடலாம்: ஒன்று பெருக்குச் சராசரி, மற்றொன்று திட்ட விலக்கம். எனினும் வயலில் கட்டி எல்லையின்றிப் பெரிதாவதுமில்லை, எல்லையின்றிச் சிறிதாவதுமில்லை. ஆகவே, மேலெல்லையும் கீழெல்லையும் சேர்த்து நான்கு எண்களால் ஆன திருந்திய வடிவத்தை வாக்னர், டிங் ஆகியோர் 1994இல் தந்தனர். நாள்தோறும் வயலின் நிலையைக் கணித்துச் செல்லும் கணினி முறை ஒன்றை அமெரிக்க வேளாண் துறையினர் உருவாக்கி, 2010 முதல் தம் மண்வளப் பணியில் கையாண்டு வருகின்றனர். மழை, உறைபனி, உழவு இவற்றால் கட்டியின் அளவு நாளுக்கு நாள் மாறுவதை அது தொடர்ந்து கணக்கிடுகிறது. கான்சாஸில் குளிர்காலத்து உறைதலும் உருகுதலும் கட்டிகளை நொறுக்கிவிடும். கட்டி மெலிந்திருக்கும் வேனில் தொடக்கத்திலேயே காற்றும் வலுக்கும். காவலன் உறங்கும் வேளையில் கள்வன் வருவது போன்றது அது. அவ்வேளையை முன்னறிவதே கணக்கின் கடமை.

சல்லடையே இல்லாதவர்க்கு மற்றொரு வழியைப் பிரையர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1994இல் வகுத்தனர். மண்ணிலுள்ள மணல், வண்டல், களி, கரிமப் பொருள், சுண்ணாம்பு ஆகியவற்றின் விழுக்காடு தெரிந்தால், அரிபடும் பங்கைக் கணக்கிட்டுவிடலாம். மணல் கூடினால் ஆபத்து கூடும்; களியைவிட மணல் எத்தனை மடங்கு என்பது பெரிதானால் மேலும் கூடும். கரிமப் பொருள் ஒரு விழுக்காடு கூடினால் அரிபடும் பங்கு 2.59 விழுக்காட்டளவு குறையும். ஆயினும் இச்சமன்பாடு மண்ணுக்கு மண் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே விளக்குகிறது. எஞ்சியதில் பருவத்துக்கும் பங்குண்டு. உழுபவன் கைக்கும் பங்குண்டு. இந்த எஞ்சிய பங்கை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு எங்கள் நிலம் நினைவுக்கு வந்தது.

தேரியோரத்து மூன்று ஏக்கர்

தேரியைப் பார்க்காதவர்க்கு ஒரு சொல்: தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலையொட்டிய பகுதிகளில் குருதிச் சிவப்பாகக் கிடக்கும் மணல்மேடுகளே தேரி. மணலின் மேல் இரும்புத் துரு படிந்ததால் வந்த நிறம் அது. கற்கால மக்கள் பயன்படுத்திய சிறு கற்கருவிகள் அங்கே கிடைத்துள்ளன. பனையும் உடைமரமும் அதன் இயற்கைக் காவலர்கள். தேரியின் நடுவில் மண்கட்டி என்பதே அரிது; அது பெரும்பாலும் தனித்தனி மணலே. அதன் ஓரத்து நிலங்களிலோ செம்மணலோடு சிறிது களியும் கலந்திருக்கும். அங்கே கட்டி உருவாகவும் முடியும். உடைந்து தேரியாகவும் முடியும். இளங்கோவடிகள் கூறிய எல்லை அதுவே.

என் தந்தையார் அந்த எல்லையில் மூன்று ஏக்கர் வைத்திருந்தார். ஐப்பசி மழையில் விதைத்துத் தையில் அறுப்பார். கோடை மழை பெய்து மண் பதமாக இருக்கும்போது ஒருமுறை உழுவார். எழுந்த கட்டிகளை உடைக்கவிடமாட்டார். சிறுவர்களாகிய நாங்கள் கட்டிகளைத் தூக்கி எறிந்து விளையாடினால் கடிந்துகொள்வார். ஆண்டு தவறாமல் ஆட்டுக்கிடை போடுவார். சித்திரையில் குளம் வற்றினால் கரம்பை மண்ணை வண்டியில் கொணர்ந்து கொட்டுவார். அவர் நிலத்தைப் பார்ப்பவர், "என்ன இப்படிக் கரடுமுரடாகக் கிடக்கிறது!" என்பார்கள். அவர் பதில் சொன்னதில்லை. அவரிடம் சொல்லில் அடங்கிய விளக்கம் இல்லை. செயலில் அடங்கிய விளக்கம் இருந்தது.

2011இல் தந்தையார் மறைந்தார். நிலத்தைத் தமையனார் ஏற்றார். ஆட்டுக்கிடைக்கு ஆள் கிடைக்கவில்லை. கரம்பை அள்ளுவதும் நின்றது. வைகாசியில் வறண்டு கிடக்கும் மண்ணில் ரோட்டவேட்டர் ஓடியது. வயல் மாவு போலாயிற்று. பார்ப்பதற்கு அழகு, ஊரார் பாராட்டினர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று ஆனியில் எழுந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கிழக்கு வேலியின் அடியில் செம்மணல் முழங்கால் உயரம் குவிந்தது. வேலிக்கு அப்பால் இருந்த அயலாரின் முருங்கைக் கன்றுகள் பட்டுப்போயின. அதனால் மனத்தாங்கலும் வந்தது. நிலத்தை விற்றுவிடலாம் என்று தமையனார் எண்ணிய வேளையில்தான், தொடக்கத்தில் கூறிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் 0.85 மில்லிமீட்டர்ச் சல்லடை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மண் ஆய்வகங்களில் எளிதாகக் கிடைப்பது அது. செபிலின் எல்லைக்கு மிக அணுக்கமானது. தமையனார் சிரித்தார். "சல்லடையை வச்சு மாவு சலிக்கலாம் தம்பி, காத்தைச் சலிக்க முடியுமா?" என்றார். வயலின் நடுவில் மேல்மண்ணை அள்ளி, உடையாதவாறு மெல்லச் சலித்துக் காட்டினேன். ஏறத்தாழ அனைத்தும் கீழே இறங்கிவிட்டது. மேலே தங்கியது ஒரு சிறங்கை. பின்னர், ரோட்டவேட்டர் எட்டாத வேலியோரத்து மண்ணை, தந்தையார் கரம்பை கொட்டி வைத்திருந்த மூலையிலிருந்து அள்ளிச் சலித்தேன். பாதிக்குக் குறையாமல் மேலே தங்கியது. இரண்டு குவியல்களையும் திண்ணையில் பக்கம் பக்கமாக வைத்தேன். தமையனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அவர் எளிதில் விட்டுவிடுபவர் அல்லர், திருக்குறளில் தோய்ந்தவர். "ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே! புழுதியாக்குவது தவறா?" என்று வினவினார். நல்ல வினா. தமிழ்த்துறை நண்பர்கள் இதற்கு என்னினும் சிறந்த விடை கூறுவர். எனக்குப் பட்டதைச் சொன்னேன்: வள்ளுவர் அங்கே பேசுவது எடையை, அளவையன்று. உழுத மண் ஈரம் நீங்கி நன்றாகக் காய வேண்டும் என்பது அவர் கருத்து. கட்டியை அடித்து மாவாக்க வேண்டும் என்பதன்று. பதத்தில் உழுது காயவிட்ட மண்ணில் கட்டியும் காய்ந்து உறுதிப்படும். வறண்டபின் இயந்திரத்தால் அரைத்த மண்ணிலோ அது எஞ்சாது. மேலும், நெடுங்காலம் உழவரிடையே வழங்கிவந்த அறிவு, தராசில் நிறுத்துப் பார்க்கும் அறிவாக இருந்தது என்பதே அக்குறளின் பெருமை. நிறுத்துப் பார்த்த மரபினர் சலித்துப் பார்க்கத் தயங்குவானேன்?

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கான்சாஸ் அட்டவணையின் எண்களை எங்கள் செம்மண்ணுக்கு அப்படியே பொருத்தி, "இத்தனை டன் போகும்" என்று நான் கூறவில்லை, கூறுவது முறையுமன்று. காற்று வேறு, களி வேறு, பருவம் வேறு. அங்கே உறைபனி கட்டியை உடைக்கிறது. இங்கே வெயிலும் இயந்திரமும் உடைக்கின்றன. ஆனால் சமன்பாடு காட்டும் திசை எல்லா மண்ணுக்கும் பொது: களியும் மக்கும் கூடினால் கட்டி கூடும், கட்டி கூடினால் காற்றுத் தோற்கும். அத்திசையை வைத்துத் தந்தையாரின் செயல்களைத் திரும்பிப் பார்த்தேன். கரம்பை கொட்டியது களியைக் கூட்டியது. கிடை போட்டது கரிமப் பொருளைக் கூட்டியது. பதத்தில் உழுது கட்டியை விட்டது எல்லைக்கோட்டுக்கு மேற்பட்ட திரளைக் கூட்டியது. அமெரிக்க ஆய்வாளர் பல மண்களை ஆராய்ந்து எழுதிய சமன்பாட்டின் உறுப்புகளை, எழுத்தறிவு அதிகமில்லாத ஓர் உழவர் தம் வண்டியிலும் பட்டியிலும் வைத்திருந்தார்.

மண்ணாங்கட்டியும் சருகும்

தென்னாட்டுக் குழந்தைகள் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. மண்ணாங்கட்டியும் காய்ந்த சருகும் நட்புக் கொண்டு காசிக்குப் புறப்பட்டன. காற்று அடித்தது, கட்டி சருகின் மேல் ஏறி அமர்ந்து அதனைக் காத்தது. மழை பெய்தது, சருகு கட்டியைப் போர்த்திக் காத்தது. காற்றும் மழையும் ஒன்றாக வந்தபோது இரண்டும் அழிந்தன. இக்கதையை இன்று நினைத்தால் மண்வளப் பாடநூலின் ஓர் அதிகாரம் போலவே தோன்றுகிறது. வயலில் அறுத்த தாளையும் சருகையும் விட்டுவைத்தால் மழைத்துளியின் அடியிலிருந்து கட்டி தப்பும். கட்டி தப்பினால் காற்றிலிருந்து நிலம் தப்பும். இரண்டனுள் ஒன்றை நீக்கினாலும் மற்றது நெடுநாள் நிற்காது. 1965ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் மண்ணின் இயல்பும் தழையின் மூடாக்கும் ஒருங்கே இடம்பெற்றிருப்பது அதனாலேயே.

தமையனார் நிலத்தை விற்கவில்லை. அடுத்த கோடையில் உரிய இசைவு பெற்றுக் குளத்துக் கரம்பையை டிராக்டரில் கொண்டுவந்தார்; ஒரே ஆண்டில் மூன்று ஏக்கருக்கும் இயலாது என்பதால் மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கினார். துள்ளல் பிறக்கும் இடம் அதுவன்றோ! கம்பந்தட்டையை அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தார். ரோட்டவேட்டரை விலக்கி, கோடை மழையின் ஈரத்தில் கலப்பையால் ஒருமுறை மட்டும் உழுதார். வேலியோரத்தில் உடைமரக் கன்றுகளை நட்டார். முதல் ஆடியில் பெரிய மாற்றமில்லை. இரண்டாம் ஆடியில் கிழக்கு வேலியில் புதிதாகக் குவிந்த மணல் கணுக்கால் அளவோடு நின்றது. அயலார் மீண்டும் முருங்கை வைத்தார். காற்று நின்றுவிடவில்லை, மண் போவது அடியோடு ஒழிந்துவிடவுமில்லை. இழந்த மேல்மண் எங்கள் ஆயுளில் திரும்பாது என்பதையும் அறிவோம். ஆயினும், ஆண்டுதோறும் வைகாசி முடிவில் தமையனார் தாமே வயலில் மூன்று இடங்களில் மண்ணெடுத்துச் சலித்து, மேலே தங்கியதை நிறுத்து, பழைய குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். "இந்த ஆடிக்குப் பயமில்லை" என்றோ, "மேற்கு மூலையில் தட்டையைப் பரப்ப வேண்டும்" என்றோ ஆனி பிறக்குமுன் தொலைபேசியில் கூறுகிறார். முன்னறிதல் என்பது இதுதான். வருவதைத் தடுக்க இயலாவிடினும், வருமுன் எங்கே நிற்க வேண்டும் என்று அறிவது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல் கூறி முடிக்கிறேன். அறிவியல் வேறு, தமிழ் வேறு என்று எண்ணிவிடாதீர்கள். பாலை ஒரு நிலை என்று தமிழ் உரைத்தது. அந்நிலையை எந்த அளவில் தொடுகிறோம் என்று சல்லடை உரைக்கிறது. இரண்டையும் கற்றவனே தன் ஊருக்குப் பயன்படுவான். உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, முதியவர்கள் செய்யும் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு விளக்கம் தெரியாமலிருக்கலாம். விளக்கம் தேடுவது படித்தவர்களாகிய நம் கடன். ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. குளங்களைத் தூர்வாரும்போது எடுக்கும் கரம்பையைக் கரையிலேயே கொட்டிவிடாமல், மேட்டு நிலங்களுக்குப் போய்ச் சேரச் செய்யுங்கள். குளமும் ஆழப்படும், வயலும் உறுதிப்படும்.

இனி எவரேனும் உங்களை மண்ணாங்கட்டி என்று வைதால் வருந்தாதீர்கள். காற்றுக்கு அசையாமல் நின்று, தன்னைச் சார்ந்த நுண்மண்ணையும் பறக்கவிடாமல் காக்கும் பெயர் அது.